வாடைக்காலத்துத் திருகோணமலை

2023 டிசம்பர் 30, சனி: திட்டம்

மார்கழியில் திருகோணமலைக்குப் போகிறோம் என்றதும், "இப்போதா? சித்திரை கழியட்டும், அதற்குப் பிறகு போங்கள்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதில் நியாயம் உண்டு. அந்த ஊருக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். நிலாவெளியில் கடலில் இறங்க முடியாது. புறாமலைத் தீவுக்குப் படகு ஓடாது. திமிங்கிலம் காட்டப் போகும் படகுகளும் பங்குனிக்குப் பிறகுதான் கடல் காணும்.

ஆனால் அம்மா பிறந்து வளர்ந்தது திருகோணமலையில். கல்யாணமாகி மட்டக்களப்புக்கு வந்தவர். மழைக்காலத்தில்தான் கோணேசர் கோயிலடியில் நின்று கடலைப் பார்க்க வேண்டும் என்று மார்கழி பிறந்தால் சொல்வார். அவருக்கு அறுபத்தாறு வயது. முழங்கால் வலி வேறு. வெயில் காலத்தில் அந்த மேட்டில் ஏறுவதைவிட மழையில் ஏறுவதே அவருக்குச் சுகம் என்று எனக்கும் தோன்றியது.

எங்கே தங்குவது என்பதுதான் முதல் கேள்வி. சுற்றுலாக்காரர் எல்லோரும் நிலாவெளியையும் உப்புவெளியையும் நாடுவார்கள். அம்மா ஒரே பிடியாகப் பட்டணத்துக்குள்தான் தங்க வேண்டும் என்றார். காரணத்தையும் சொன்னார். திருகோணமலைப் பட்டணம் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு சிறிய தீபகற்பம். கிழக்கே கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை. அதன் வடக்கில் திறந்த கடலைப் பார்த்த குடா, தெற்கில் டச்சுக் குடா. மேற்கே போனால் நாலாபுறமும் நிலம் அணைத்த உட்துறைமுகம். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவது. கிழக்குப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும் அதே நேரத்தில் உட்துறைமுகத்துத் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். "நிலாவெளியில் தங்கினால் உனக்கு ஒரு கடல்தான். பட்டணத்தில் இரண்டு கடல். காலையில் காற்றைப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிக்கலாம்."

ஆகவே நாள்வாரியான பட்டியல் எதுவும் போடவில்லை. கோணேசர் கோயில், கன்னியா, கிண்ணியாவில் அம்மாவின் பள்ளிக்கூடத்துத் தோழி. இந்த மூன்றையும் மழை விடும்போது பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

தொலைபேசியில் பேசிய விடுதிக்காரர் ஒளிவுமறைவில்லாத மனிதர். பருவ காலத்தில் ஒன்பதாயிரம் வாங்கும் அறைக்கு ஐயாயிரம் சொன்னார். "அம்மாவைக் கூட்டி வருகிறீர்கள் என்றால் கீழறையை எடுங்கள் தங்கச்சி. மேலறையில் ஒரு மூலை ஒழுகுகிறது. இன்னும் ஓடு மாற்றவில்லை" என்றார்.

2024 ஜனவரி 4, வியாழன்: வெருகல்

மட்டக்களப்பில், வாகரைப் பாதையால் போகும் பஸ்ஸில் ஏறினோம். பனிச்சங்கேணிப் பாலத்தைத் தாண்டும்போது இருபுறமும் களப்பு நிறைந்து, கண்டல் மரங்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. கதிரவெளி வரைக்கும் தூறல்தான். வெருகலை நெருங்கியபோது பஸ் நின்றுவிட்டது. முன்னால் லொறிகள், மோட்டார் சைக்கிள்கள், ஓர் அம்புலன்ஸ். வீதியை மேவி வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. வெருகல் ஆறு மகாவலியின் கிளை. மலைநாட்டில் பெய்யும் மழையும் இங்கேதான் வந்து சேரும். உள்ளூரில் மழை விட்டாலும் வெள்ளம் உடனே வடியாது என்று நடத்துநர் சொன்னார்.

அந்தக் காத்திருப்பில் பார்த்ததை எழுதாமல் விட முடியாது. ஊர்ப் பையன்கள் நான்கைந்து பேர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு கம்போடு தண்ணீருக்குள் இறங்கினார்கள். தார் வீதி எங்கே முடிகிறது என்று கம்பால் தட்டித் தட்டிப் பார்த்து, விளிம்பு கண்ட இடத்தில் கிளைகளை நட்டுக்கொண்டு போனார்கள். பின்னால் ஓர் உழவு இயந்திரம் ஊர்ந்து போய் மறுகரையில் ஏறியது. தண்ணீர் அதன் பெரிய சில்லின் பாதிக்குக் கீழே நின்றது. அதைப் பார்த்துவிட்டு முதலில் அம்புலன்ஸை விட்டார்கள். யாரும் முண்டியடிக்கவில்லை. யார் தலைமை என்றும் தெரியவில்லை. ஆனாலும் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

வீதியோரத்துத் தேநீர்க் கடையில் அன்று நல்ல கூட்டம். பிளேன்டீ ஐம்பது ரூபாய், உளுந்து வடை அறுபது. வெள்ளத்தில் அகப்பட்டவர்கள்தானே என்று ஒரு ரூபாய் கூட்டி வாங்கவில்லை. கடைக்கார அக்கா அம்மாவை உள்ளே கூப்பிட்டு, தன் வீட்டுக் கட்டிலில் காலை நீட்டி இருக்கச் சொன்னார். அம்மா ஊர் பேர் சொல்லி உறவு விசாரித்து, கடைசியில் இருவருக்கும் பொதுவாக ஒரு சம்பந்தியைக் கண்டுபிடித்துவிட்டார்.

எங்கள் பஸ் மறுகரை ஏறியபோது மூன்று மணி கடந்திருந்தது. கிளிவெட்டி தாண்டியதும் இருபுறமும் பெரும்போக வயல். கதிர் பருவத்துக்குச் சற்று முந்திய பச்சை. சில வயல்களில் பயிர் முழுதாக மூழ்கிக் கிடந்தது. வரம்பை வெட்டித் தண்ணீரை வடியவிட ஆட்கள் மழையிலேயே மண்வெட்டியோடு நின்றார்கள். பயணிகளுக்கு மழை என்றால் பயணத்தடை. அவர்களுக்கோ நாலு மாதத்து உழைப்பு. அவர்களைப் பார்த்த பிறகு பஸ்ஸில் தாமதம் பற்றிப் பேசியவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இருட்டும் நேரத்தில் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தோம். விடுதியில் மின்சாரம் இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் இடியப்பமும் சொதியும் சம்பலும் சாப்பிட்டோம். கீழறை ஒழுகவில்லை.

ஜனவரி 5, வெள்ளி: கோணேசர்

விடிய எழுந்ததும் அம்மா முற்றத்தில் நின்று தென்னோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். காற்று குறைந்திருந்தது. "இப்போதே போவோம். பத்து மணிக்குப் பிறகு மழை எழும்பும்" என்றார். அப்படியே நடந்தது.

கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரட்றிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் மான்கள். வெயில் காலத்தில் மர நிழலில் படுத்திருக்கும் புள்ளிமான்கள், மழைக்குக் கடைகளின் தறப்பாள் கூரைக்குக் கீழே வந்து ஒதுங்கி நின்றன. பூசைத்தட்டு விற்கும் கடையொன்றின் ஓரத்தில் நின்ற பெட்டைமானை ஒரு கை தூரத்தில் பார்த்தேன். மூக்கின் கறுப்பில் மழைத்துளிகள் உருண்டு நின்றன. கண் இமையின் நீண்ட மயிர்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வாய் விடாமல் அசைந்துகொண்டிருந்தது. என்ன மெல்லுகிறது என்று குனிந்து பார்த்தால், சோற்றுப் பார்சலில் விரிக்கும் லன்ச்ஷீட். கறி மணத்துக்கு அதை இழுத்திருக்கிறது. கடைக்காரப் பெண் ஓடிவந்து, ஒரு கையால் தாடையைப் பிடித்து, மறுகையால் அந்தப் பொலித்தீனை மெல்ல மெல்ல உருவி எடுத்தார். முழ நீளம் வந்தது. "ஒவ்வொரு நாளும் இதே வேலைதான் தங்கச்சி. வயிற்றுக்குள் போனால் செத்துப்போகும்" என்று சொல்லிவிட்டு, வாழைப்பழத் தோலைக் கொடுத்து அனுப்பினார்.

கோயிலுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து சாப்பாட்டுப் பார்சலை மலையடிக்குக் கொண்டுபோக வேண்டாம். கொண்டுபோனால் லன்ச்ஷீட்டை மடித்துப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். மானுக்கு ஊட்டிப் படம் எடுக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். எனக்கு அன்று முழுவதும் அந்த முழ நீளப் பொலித்தீன்தான் மனதில் நின்றது.

மேட்டில் ஏறும்போது காற்று ஒருமுறை சுழற்றி அடித்ததில் என் குடை கவிழ்ந்து கம்பி முறிந்தது. காவலில் நின்ற சிங்கள இளைஞர் ஒருவர், "அம்மா, மெல்ல, மெல்ல" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டே அம்மாவின் முழங்கையைப் பிடித்து, வழுக்கும் படிகளைத் தாண்டிவிட்டார்.

தேவாரப் பாடல் பெற்ற தலம் இது. 1622இல் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். அடியார்கள் மண்ணுக்குள் மறைத்து வைத்த விக்கிரகங்களில் சில 1950இல் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டன. இப்போதுள்ள கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். விக்கிரகங்கள் கிடைத்தபோது ஊரே திரண்டு பார்க்கப் போனதைத் தன் தாய் சொல்லக் கேட்டதாக அம்மா சொன்னார். மூலத்தானத்துக்கு முன்னால் ஈரச் சேலையோடு அவர் நின்ற நேரம் நீண்டது. நான் அவசரப்படுத்தவில்லை.

வெளியே வந்து இராவணன் வெட்டுப் பக்கம் போனோம். முந்நூறு அடிக்கும் மேலான செங்குத்துப் பாறை. கீழே அலை உடைந்து எழும் உப்புத் தூவானம் காற்றோடு ஏறி முகத்தில் பட்டது. தெற்கே கொட்டியாரக் குடாவைப் பார்த்தபோதுதான் அம்மா ஏன் மழைக்காலத்தையே கேட்டுக்கொண்டிருந்தார் என்று விளங்கியது. மகாவலி கொண்டுவந்து கொட்டும் செம்மண் தண்ணீர் குடாவுக்குள் பரந்து கிடக்கிறது. வெளியே கருநீலக் கடல். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, கலக்காமல், ஒரு நீண்ட கோட்டில் நிற்கின்றன. நேற்று வெருகலில் எங்களை மறித்த வெள்ளத்தின் மிச்சமும் அதற்குள் இருந்திருக்கும். கோடை காலத்தில் வந்தவர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்போது கடல் ஒரே நீலமாக இருக்கும்.

பத்தரைக்கு மழை கொட்டத் தொடங்கியது. மத்தியானம் சைவக் கடையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வல்லாரைச் சம்பல், மோர்மிளகாய். ஒரு சாப்பாடு நானூறு ரூபாய். கரட் மட்டும் இல்லை. கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி நிற்கிறது, வற் (பெறுமதி சேர்) வரியும் புதுவருடத்தோடு 18 சதவீதமாகிவிட்டது, எதை வாங்கி எதைச் சமைப்பது என்று முதலாளி குறைப்பட்டுக்கொண்டார்.

ஜனவரி 6, சனி: வெந்நீரும் உட்துறைமுகமும்

இரவு முழுக்க மழை. கன்னியாவுக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். ஓட்டோக்காரத் தம்பிதான், "மழைக்குள் வெந்நீர் வார்ப்பதுதான் அம்மா சுகம். வெயிலில் யார் குளிப்பார்கள்?" என்றார். போய்வரவும் அங்கே நிற்கவும் சேர்த்து இரண்டாயிரம் பேசினார். பட்டணத்திலிருந்து அநுராதபுர வீதியில் சுமார் எட்டுக் கிலோமீற்றர்.

சதுரமாகக் கட்டிய ஏழு கிணறுகள். ஆழம் இடுப்பளவுக்கு அதிகமில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாயின் இறுதிக் கடனைச் செய்ய வாளால் குத்திய இடங்களில் ஊற்றெடுத்தது என்பது ஊர்க்கதை. அதனாலேயே அந்தியேட்டிக் கிரியைக்கு இங்கே வரும் வழக்கம் உண்டாயிற்று. எங்கள் பாட்டிக்கு இங்கேதான் செய்தோம் என்று அம்மா சொன்னார். எனக்கு அது அதுவரை தெரியாது.

கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. வாளியால் மொண்டு வார்க்க வேண்டும். எங்களிடம் வாளி இல்லை. கந்தளாயிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெண் தன் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வாளியை அம்மாவிடம் நீட்டினார். மேலே குளிர்ந்த மழை, தோளில் வெந்நீர். அம்மா முதலில் இளஞ்சூட்டுக் கிணற்றில் தொடங்கி, படிப்படியாகச் சூடு கூடியதற்குப் போனார். முழங்காலுக்கு மட்டும் பத்துப் பதினைந்து வாளி வார்த்துக்கொண்டார். அதற்குள் படியோரம் கழற்றி வைத்த அவருடைய செருப்பில் ஒன்றை மழைத்தண்ணீர் கானுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் பெண்ணின் மூத்த மகன் சொல்லாமலே ஓடி, மதகடியில் அதைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவனுக்கு அவித்த சோளம் வாங்கிக் கொடுத்தோம். தாய் வேண்டாம் என்று மறித்தார். அம்மா விடவில்லை.

பின்னேரம் காற்று மறுபடி ஏறியது. டச்சுக் குடாப் பக்கம் இறால் வடை விற்கும் வண்டிகள்கூடக் கட்டிப் போட்டுக் கிடந்தன. அம்மா சொன்ன மற்றப் பக்கத்துக்குத் திரும்பினோம். பட்டணத்தின் கிழக்குக் கரையிலிருந்து உட்துறைமுக வீதிக்கு நடந்தே போய்விடலாம். அந்தச் சிறிய தூரத்தில் காற்றின் சத்தமே மாறிவிடுகிறது. இங்கே தண்ணீரில் மழைத்துளி விழும் வட்டங்களை எண்ணலாம். அவ்வளவு அமைதி. உலகப் போரில் 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசும் அளவுக்கு இந்தத் துறைமுகம் பெரிதாக எண்ணப்பட்டதற்கு, ஆழத்தோடு இந்த ஒதுக்கமும் ஒரு காரணம்.

கரையில் மரத்தடியில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரோடு நெடுநேரம் பேசினோம். வாடையில் வெளிக்கடலுக்குப் போவது அரிது. கரைவலைக்காரர் பங்குனி வரை பொறுத்திருக்க வேண்டும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி (மீனவர் குடிசை) போடும் நீர்கொழும்புப் பக்கத்துத் தொழிலாளரும் இப்போது ஊர் திரும்பிவிட்டார்கள். "இந்த மாதங்களில் எங்களுக்குச் சோறு போடுவது உள்கடலும் தம்பலகாமக் குடாவும்தான் பிள்ளை" என்றார். வீச்சு வலைக்கு அன்று அகப்பட்டவை திரளியும் கொஞ்சம் நண்டும். திரளி கிலோ ஆயிரத்து இருநூறு. வெளிக்கடல் மீன் வராததால் சந்தையில் பாரை ஆயிரத்து எண்ணூறுக்குப் போகிறதாம். ஒரு கிலோ திரளி வாங்கிக்கொண்டு போய் விடுதிக்காரரிடம் கொடுத்தோம். அவருடைய மனைவி புளி விட்டுக் குழம்பு வைத்து, கூலி வாங்க மறுத்துவிட்டார். அன்றைய பிட்டும் அந்தக் குழம்பும் போல் ஒரு சாப்பாடு இந்தப் பயணத்தில் வேறு இல்லை.

ஜனவரி 7, ஞாயிறு: கிண்ணியா

காலையிலேயே செய்தி வந்துவிட்டது. வெருகலில் தண்ணீர் இன்னும் ஏறியிருக்கிறது, கடற்கரைப் பாதையால் பஸ் இல்லை. மட்டக்களப்புக்கு ஹபரணை, பொலன்னறுவை சுற்றித்தான் போக வேண்டும். அதற்கு முன் கிண்ணியா மட்டும் போய் வருவோம் என்று கிளம்பினோம்.

2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தில் இப்போது சில நிமிடங்களில் கடந்துவிடுகிறோம். அம்மாவின் காலத்தில் அக்கரை சேர்க்கும் மிதவைப் பாதைதான். மூதூருக்கு லாஞ்சிப் படகு. வாடை கடுமையானால் இரண்டும் நிற்கும், ஊருக்கு ஊர் தொடர்பு அறுந்துவிடும். அப்பால் தெரியும் கொட்டியாரக் குடாவுக்குள் ஒதுங்கிய கப்பல்களுக்குக் கணக்கில்லை. 1659 நவம்பரில் புயலில் பாய்மரம் இழந்து இங்கே வந்த ஆங்கிலக் கப்பல் ஒன்றில்தான் ரொபேர்ட் நொக்ஸ் இருந்தார். மரம் மாற்ற வந்த இடத்தில் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679 வரை மீள முடியாமல் இருந்தார்.

தோழியின் வீட்டு வாசலில் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு பேச்சில்லாமல் நின்றார்கள். பிறகு பேச்சுக்கு முடிவில்லை. 1964 டிசம்பர்ப் புயலின்போது இருவருக்கும் ஏழு வயது. தனுஷ்கோடியை அழித்த அதே புயல் அதற்கு முன் இந்தக் கரையை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போனது. தங்கள் வீட்டுத் தகரக் கூரை பறந்ததையும், விடிய விடியப் பள்ளிக்கூடத்து மேசைகளுக்குக் கீழே இருந்ததையும் அம்மா சொன்னார். தோழி சொன்னது வேறு. விடிந்ததும் தன் வாப்பா தோணியைத் தேடிப் போய், அதைத் தென்னந்தோப்புக்கு நடுவில் கண்டெடுத்தாராம். இரண்டு கதைகளையும் நான் கைபேசியில் பதிந்து வைத்துக்கொண்டேன். அம்மா இத்தனை காலமும் வீட்டில் இதைச் சொன்னதே இல்லை.

தோழியின் மகன், "மழையில் வந்த விருந்தாளியைப் பசியோடு அனுப்பக் கூடாது" என்று இறால் பொரியலும் நெய்ச்சோறும் வட்டிலப்பமும் பரிமாறினார். புறப்படும்போது கடைத்தெருவில் இரண்டு சட்டி எருமைத் தயிர் வாங்கினேன். சட்டி அறுநூறு ரூபாய். கடைக்கார நானா வாழைநாரால் இறுக்கிக் கட்டி, பஸ் குலுங்கினாலும் சிந்தாதபடி மேலே வாழையிலை மூடித் தந்தார். "தூரம் சுற்றிப் போகிறீர்கள் தங்கச்சி, மடியில் வையுங்கள், பஸ்ஸின் மேல்தட்டில் வைக்காதீர்கள்" என்றும் சொல்லிவிட்டார்.

ஹபரணை சுற்றிய பயணம் ஆறு மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. இருக்கை கிடைத்தது பெரிய காரியம். இருட்டிய பிறகு யானை கடக்கும் இடங்களில் சாரதி விளக்கைத் தாழ்த்தி மெல்ல ஓட்டினார். அம்மா பாதி வழி தூங்கினார். மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் இறங்கும்போது முழங்கால் எப்படி என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், "அடுத்த மார்கழிக்கு உன் அண்ணனையும் கூட்டிப் போக வேண்டும். இப்போதே சொல்லி வை, லீவு எடுக்கட்டும்" என்றார். வீட்டுக்கு வந்து அன்றிரவே அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவனும், "மழைக்காலத்திலா?" என்றுதான் கேட்டான். தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.